சட்டம் கொடுப்பவர் அண்ணாவியாரா, அதிகாரியா?

(முள்ளியவளைப் பகுதியில் கூத்துக் கலைஞர்களும் கமக்காரரும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



மட்டக்களப்புக் கூத்தரிடையே ஒரு வழக்கு உண்டு. கூத்தொன்றைப் பழகத் தொடங்குமுன் நல்ல நாள் பார்த்து ஊர் கூடும். இன்னாருக்கு இன்ன பாத்திரம் எனத் தேர்ந்து, அவரவர் பாட்டெழுதிய ஏட்டை அவரவர் கையிலே அண்ணாவியார் கொடுப்பார். அதற்குச் சட்டங்கொடுத்தல் என்று பெயர். சட்டம் என்ற சொல்லுக்கு அங்கே ஏடு என்பது பொருள். அதைப் பெற்றவன் ஆடவேண்டியதை ஆடுவான், பாடவேண்டியதைப் பாடுவான், ஆட்டம் பிழைத்தால் அண்ணாவியாரிடம் அடியும் வாங்குவான்.

இன்று வன்னியில் ஒரு கூத்தை மேடையேற்ற விரும்புவோர் அண்ணாவியார் கொடுக்கும் சட்டத்தை மட்டும் கையிலே வைத்துக்கொண்டிருக்க முடியாது. வேறு சட்டங்களும் உள. பொலிஸ் கட்டளைச் சட்டம், பொது அரங்காற்றுகைகள் கட்டளைச் சட்டம், களியாட்ட வரிக் கட்டளைச் சட்டம், ஒலிபெருக்கி பற்றிய உயர் நீதிமன்றக் கட்டளை எனப் பட்டியல் நீளும். இவற்றுள் எது நம்மைக் கட்டுகிறது, எது கட்டவில்லை, கட்டாததையும் கட்டுவதாக நினைத்து நாமே நம் கைகளை நீட்டிக்கொண்டிருப்பது எவ்விடத்தில் என்பவற்றைப் பேசவே இன்று கூடினோம்.

இதைப் பேச ஒரு காரணமும் நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதிக் கிராமமொன்றில் காத்தவராயன் கூத்து நடந்துகொண்டிருந்தது. கிராமத்தின் பெயரையும் அங்கு வந்த அதிகாரியின் பெயரையும் நாம் சொல்லப்போவதில்லை. இரவு பதினொரு மணி கடந்திருக்கும். வளையற்காரன் வேடத்திலே காத்தான் வந்து ஆடுகிற கட்டம். பொலிசார் இருவர் வந்தனர். அனுமதி எங்கே என்றனர். ஏற்பாட்டாளர் கடிதமொன்றை நீட்டினார். இது தமிழிலல்லவா இருக்கிறது என்றார் வந்தவர். கூத்து நின்றது. ஆரியமாலையாக வேடமிட்டிருந்த இளைஞன், ஒப்பனை கலையாமலே, சேலைத் தலைப்பை இடுப்பிற் செருகிக்கொண்டு, துவிச்சக்கர வண்டியில் வீடு சென்றான். காலையில் அவனுக்கு வயலில் வேலை இருந்தது. அவ்வூரில் அதன்பின் காத்தவராயன் ஏறவில்லை. யாரும் தடை விதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு தாளிலும் தடை என்று எழுதப்படவில்லை. இருந்தும் கூத்து நின்றுவிட்டது.

வன்னியின் வேடங்கள்

நம் நாட்டுப் பகுதிக்கு வேடம் புதிதன்று. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலை அறியாதார் இங்கில்லை. பாக்குத்தெண்டலோடு தொடங்கி, முல்லைத்தீவுக் கடலிலே தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலிலே அவ்வுப்பு நீரில் விளக்கெரித்து, பின் வற்றாப்பளைக்குச் செல்லும் அந்த ஒழுங்கை எழுதிவைத்த சட்டப் புத்தகம் எங்குமில்லை. ஆயினும் ஒரு நாள் பிசகுவதில்லை. கண்ணகியை வணங்கும் இம்மண்ணிலே கோவலன் கூத்து ஆடப்படுவது இயல்பே. கரப்புடுப்பும், முடியும், மார்புப் பதக்கமும் பூண்டு பாண்டியன் வருவான்; விசாரணையின்றித் தீர்ப்புச் சொல்வான்; பிறகு உண்மை தெரிந்து சிம்மாசனத்திலிருந்து சாய்வான். விடியும்வரை தாய்மார் பாயிலிருந்து அதைப் பார்ப்பர்.

ஆனை கட்டிய வீரப் பெண்ணின் கதையும் நம்முடையதே. வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தையின் கதையை அருணா செல்லத்துரை அவர்கள் ‘வேழம் படுத்த வீராங்கனை’ என நூலாக்கி அரங்கிற்கும் அளித்தார்கள். முல்லைமணி அவர்கள் பண்டாரவன்னியனை நாடகமாக்கினார்கள். இரணைமடுக் குளத்தை நம்பிக் கிளிநொச்சியிற் குடியேறியோர் தத்தம் ஊர்க் கூத்துக்களைக் கூடவே கொண்டுவந்தனர். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்த மக்கள் மாசி மாதத்துக் காமன் கூத்தைத் தம் நினைவிலே சுமந்து வந்தனர். ரதியும் மன்மதனும் வேடமிட்டுத் தெருத்தெருவாகச் செல்லும் கூத்து அது. ஆகவே வன்னியின் வேடம் ஒன்றன்று, பல.

காலமும் கவனிக்கத் தக்கது. காலபோக அறுவடை முடிந்து, சிறுபோகத்துக்குக் குளத்தில் எவ்வளவு நீர் என்று கணக்குப் பார்க்கிற இடைவெளியிலேதான் கமக்காரனுக்குக் கூத்துப் பழகப் பொழுது கிடைக்கிறது. பங்குனி, சித்திரை, வைகாசி என இம்மூன்று மாதங்களில் ஓர் அனுமதி ஒரு மாதம் பிந்தினால், அக்கூத்து ஓராண்டு பிந்தும். அலுவலகத்துக்கு ஒரு மாதம் என்பது ஒரு கோப்பு மேசை மாறும் காலம். கமக்காரனுக்கு அது ஒரு போகம்.

எழுத்திலுள்ளது என்ன?

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் இன்றும் நம்மை ஆள்கிறது. அதன் 77ஆம் பிரிவு ஊர்வலங்களைப் பற்றியது. ஊர்வலம் புறப்படுவதற்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் உரிய பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். அறிவித்தல் என்ற சொல்லைத் தயவுசெய்து கவனியுங்கள். அனுமதி பெறவேண்டும் என்று அப்பிரிவு சொல்லவில்லை. அறிவிக்கவேண்டும் என்றே சொல்கிறது. பொது ஒழுங்கின் பொருட்டு ஊர்வலத்தைத் தடுக்கவோ நிபந்தனை விதிக்கவோ உயர்தரப் பொலிஸ் அதிகாரிக்கு அதிகாரமுண்டு என்பது மெய்தான். ஆனால் அது அவர் காரணங்கண்டு எடுக்கவேண்டிய முடிவு. நாமோ என்ன செய்கிறோம்? அறிவித்தல் கொடுக்கவேண்டிய இடத்தில் விண்ணப்பம் எழுதுகிறோம். ‘தயவுகூர்ந்து அனுமதி வழங்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்’ என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டு, மறுமொழி வரவில்லையென்று ஊர்வலத்தைக் கைவிடுகிறோம். கேட்கவேண்டாததைக் கேட்டால், கொடுக்கவேண்டாதவர் மறுக்கத்தானே செய்வார்?

80ஆம் பிரிவின்படி ஒலிபெருக்கிக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். இதிலே ஐயமில்லை. 2007 நவம்பர் மாதத்தில் உயர் நீதிமன்றம், வெலிகமையில் எழுந்த வழக்கொன்றிலே, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது எனச் சில விலக்குகளோடு கட்டளையிட்டது. நோயாளிகளும், குழந்தைகளும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவரும் உறங்குவதற்கு உரிமையுடையவர் என்பதை நாம் மறுக்கவில்லை. அக்கட்டளையை நாம் குறைகூறவும் மாட்டோம். ஆனால் அது எதைப் பற்றியது? ஒலியைப் பெருக்கும் கருவியைப் பற்றியது. மத்தளத்தைப் பற்றியதன்று, சல்லரியைப் பற்றியதன்று, அண்ணாவியாரின் தொண்டையைப் பற்றியதுமன்று!

இவ்விடத்திலே நம்மை நாமே கடிந்துகொள்ள வேண்டும். நம் பாட்டன்மார் வட்டக்களரியிலே, நாற்புறமும் சனம் சூழ, தீப்பந்த வெளிச்சத்திலே ஆடினர். அவர்களுக்கு ஒலிவாங்கி ஏது? பின்வந்த நாம் ஒருபக்கம் பார்க்கும் மேடை கட்டினோம். மேடைக்கு ஒலிவாங்கி வேண்டியதாயிற்று. ஒலிவாங்கி வந்தபின் நான்கு திசைக்கும் குழாய் கட்டினோம். கூத்துத் தொடங்குமுன் மூன்று மணி நேரம் சினிமாப் பாட்டு வைத்தோம். அயலூரவன் உறக்கம் கெட்டான், முறைப்பாடு செய்தான், பொலிசார் வந்தனர். வந்தவர் குழாயை மட்டுமா நிறுத்தினார்? கூத்தையும் நிறுத்தினார். குழாயைக் கழற்றியிருந்தால் பத்து மணிக் கட்டளை நம் களரியை அணுகியிருக்கமாட்டாது. இதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. ஒரு வழியாகவே சொல்கிறோம். முந்நூறு பேர் சூழ்ந்திருக்கும் வட்டக்களரிக்குக் கருவி தேவையில்லை என்பதைப் பழைய அண்ணாவிமார் இன்றும் காட்டுவர்.

மேளமும் பறையும் அடிப்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதியும் அந்தப் பழைய சட்டங்களிலே உண்டு. அதன் வரலாறு இந்நாட்டையே உலுக்கியது. கம்பளையிலுள்ள வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹரா 1912ஆம் ஆண்டில் ஒரு பள்ளிவாசலைக் கடக்கவேண்டியிருந்தது. அவ்விடத்தில் மேளத்தை நிறுத்தவேண்டும் என்றனர் அதிகாரிகள். 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கை எம் சமய வழக்கைக் காக்கிறது என்றார் பஸ்நாயக்க நிலமே, வழக்கும் தொடுத்தார். 1914இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் அவர் பக்கம் தீர்த்தார். 1915இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அதனைப் புரட்டிற்று. அவ்வாண்டு மே மாதத்திலே, வெசாக் இரவில், கண்டியிலே கலவரம் மூண்டது, படைச்சட்டம் வந்தது. எத்தனை உயிர், எத்தனை கடை, எத்தனை குடும்பம்! அப்போது சிங்களத் தலைவர்களுக்காகச் சட்டசபையிலும் இலண்டனிலும் வாதாடியவர் சேர். பொன்னம்பலம் இராமநாதன் என்பதையும், திரும்பி வந்த அவரது வண்டியைக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களப் பிரமுகர்களே இழுத்துச் சென்றனர் என்பதையும் நாம் மறக்கவில்லை, மற்றோர் மறந்திருக்கலாம். அக்கலவரத்திலே அடிபட்ட முஸ்லிம் மக்களின் நோவை அன்று நம் தலைவர் போதிய அளவு எண்ணவில்லை என்ற குறையையும் நாம் ஒளிக்கவேண்டியதில்லை. ஒரு மேளத்துக்கான சீட்டு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது அரங்காற்றுகைகள் கட்டளைச் சட்டம் வேறொரு வகையானது. மேடையேறும் நாடகத்தின் எழுத்தை முன்கூட்டியே பார்க்கும் தணிக்கை அதன்வழி வந்தது. வெள்ளையன் போனான், சட்டம் இருந்தது. நாட்டுக்கூத்தின் ஏட்டைத் தணிக்கைக்கு அனுப்புவதெப்படி? ஓரிரவு பாடும் விருத்தமும் தருவும் அண்ணாவியாரின் நெஞ்சிலே இருக்கின்றன. பபூன் வந்து அன்றைய ஊர்ச் செய்தியை அந்தக் கணத்திலே கட்டிப் பாடுவான். அதை எந்தத் தாளில் எழுதி எந்தச் சபைக்கு அனுப்புவது?

தமிழகத்திலும் இத்தகைய சட்டம் இருந்தது. 1876ஆம் ஆண்டில் வெள்ளையர் இயற்றிய நாடகச் சட்டம் போதாதென்று, சென்னை அரசு 1954இல் தனியே ஒன்றை இயற்றிற்று. நடிகவேள் எம். ஆர். ராதாவின் இராமாயண நாடகத்தை நோக்கியே அது வந்தது என்பது நாடறிந்த செய்தி. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கிய பிரிவுகள் அரசியலமைப்புக்கு மாறானவை எனத் தீர்த்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தை இந்தியப் பாராளுமன்றம் பின்னர் நீக்கியே விட்டது. ஒரு நாடகக்காரரும் ஒரு மனுவும் போதுமாயின. நம்மிடையே சட்டத்தரணிகள் இல்லையா?

துணியும் எண்ணமும்

வேடத்தையே நேராகத் தொடும் சட்டங்கள் இன்னொரு வகை. அரச ஊழியனின் உடையையோ படைவீரனின் உடையையோ அணிந்து, தன்னை அவனென்று பிறர் நம்பச் செய்வது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். இந்தியச் சட்டத்திலும் அவ்வாறே. ஆனால் சட்டம் தண்டிப்பது துணியையன்று, ஏமாற்றும் எண்ணத்தை. மேடையிலே பொலிஸ் வேடமிட்டவனைக் கண்டு எந்தக் கிழவியும் முறைப்பாடு எழுதச் சொல்லிக் கேட்டதில்லை. ஆயினும் வன்னியிலே போர்க்காலத்தைக் கடந்து வந்த பிள்ளைகள் பள்ளிக்கூட நாடகத்தில் போர்வீரனாக வேடமிடுவதற்கு அஞ்சுகின்றனர். ஆசிரியர் இன்னும் அஞ்சுகின்றனர். பண்டாரவன்னியனுக்கு வாள் கொடுக்கலாமா, கூடாதா என்று ஓர் அதிபர் நம்மிடமே கேட்டார். வெள்ளைக்காரனோடு பொருத ஒரு வன்னி வேந்தனுக்கு மரவாள் கொடுப்பதற்கு இந்தத் தயக்கமா என்று அவரைக் கேட்க நாம் துணியவில்லை. அவர் கண்ட காலத்தை நாமும் கண்டோம்.

அந்தக் காலத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1983 முதல் 2011 ஆகஸ்ட் வரை, சில இடைவெளி நீங்கலாக, இந்நாடு அவசரகாலச் சட்டத்தின் கீழே கிடந்தது. ஊரடங்கு இரவில் கூத்தேது? இயக்கத்தின் ஆட்சி நிலவிய ஆண்டுகளிலும் எது மேடையேறலாம் என்பதை ஊர் மட்டும் தீர்மானிக்கவில்லை. இதைச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம், ஆயினும் உண்மை. 2009 மே மாதத்தின் பின் மக்கள் முகாம்களிலிருந்து மீண்டு வந்தபோது, கோயில் திருவிழாவுக்கும் ஊர்க் கூட்டத்துக்கும் படையினரிடம் சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை இருந்தது. பல அண்ணாவிமார் திரும்பி வரவேயில்லை. அவரோடு ஏடுகளும் போயின. முடிகளும் மத்தளங்களும் போயின.

பிறகு 2019. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வெடித்துப் பெருந்தொகையானோர் மாண்டனர். ஏப்ரல் 29ஆம் நாள் அவசரகால ஒழுங்குவிதியின் கீழ் முகத்தை மறைக்கும் உடை தடைசெய்யப்பட்டது. அது முஸ்லிம் பெண்களையே நோக்கியது என்பது வெளிப்படை. நாம் அன்று வாளாவிருந்தோம். அதுவும் நம் குறையே. ஆகஸ்ட் மாதத்தில் அவசரகால நிலை முடிய, அத்தடையும் முடிந்தது. 2020இல் கொரோனா வந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் வர்த்தமானி வாயிலாக முகக்கவசம் கட்டாயமாயிற்று. அணியாதவருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை குற்றப்பணமும் ஆறு மாதம் வரை சிறையும் என்றனர். முகத்தை மூடினால் குற்றம் என்ற அதே நாட்டிலே, ஒன்றரை ஆண்டுக்குள், மூடாவிட்டால் குற்றம்! பபூன் இல்லாமலே நகைச்சுவைக் கட்டம் நடந்தேறியது.

பிற நாட்டாரின் கதை

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் 1723ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. முகத்திலே கரி பூசிக்கொண்டு மான் வேட்டையாடியவனுக்கு மரண தண்டனை. ஏறத்தாழ நூறாண்டு அது நீடித்தது.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்துக் கதை கமக்காரராகிய நீங்கள் அவசியம் கேட்கவேண்டியது. ஹட்சன் ஆற்றங்கரையிலே பல இலட்சம் ஏக்கர் காணி சில பெருங்குடும்பங்களின் கையிலே கிடந்தது. குத்தகைக்காரர் ஆண்டுதோறும் கோதுமையும், கொழுத்த கோழி நான்கும், வண்டியோடு ஒரு நாள் வேலையும் கொடுக்கவேண்டும். 1839இல் பழைய பண்ணையார் இறக்க, வாரிசுகள் நிலுவை முழுவதையும் கேட்டனர். குத்தகைக்காரர் சீத்தைத் துணியால் அங்கி தைத்து, ஆட்டுத்தோல் முகமூடி கட்டி, செவ்விந்தியர் வேடம் பூண்டு, தகரக் கொம்பு ஊதிக் கூடினர். ஏலம் கூற வந்த அதிகாரிகளை விரட்டினர். 1845இல் சட்டசபை என்ன செய்தது? குத்தகையைத் தீர்த்துவைக்குமுன் வேடத்தைத் தடைசெய்தது. பிற்காலத்தில் நகரத்துச் செல்வர் முகமூடி நடனம் ஆடுவதற்குப் பொலிஸ் அனுமதியோடு விலக்களித்தனர். சீமான் ஆடினால் கேளிக்கை. கமக்காரன் ஆடினால் குற்றம். அச்சட்டம் 2020ஆம் ஆண்டு, கொரோனாக் காலத்திலேதான் நீக்கப்பட்டது.

திரினிடாட் தீவிலே கறுப்பின மக்களின் களியாட்டப் பந்த ஊர்வலத்தை 1881இல் பொலிசார் தடுக்க, மோதல் மூண்டது. 1884இல் பந்தமும் பறையும் சட்டத்தால் அடக்கப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலே, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் முகர்ரம் ஊர்வலம் சான் பெர்னாண்டோ நகருக்குள் நுழைய முயன்றபோது துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டனர். முஸ்லிம்களின் அவ்விழாவில் இந்துக்களும் கூடவே நடந்தனர். இன்று அத்தீவின் பெருமையென உலகம் கொண்டாடுவது எதை? அந்தக் களியாட்டத்தையே.

நம் பிள்ளைகள் சென்று வாழும் கனடாவில் ஒக்டோபர் 31ஆம் நாள் சிறுவர் பேய் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போவர். முள்ளியவளையிற் பிறந்த பாட்டியின் பேரனும் போகிறான், படம் அனுப்புகிறான். அங்கும் ஊர்ச் சட்டமுண்டு. நியூ பிரன்சுவிக் மாகாணத்துப் பாதர்ஸ்ட் நகரசபை, பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் அவ்வாறு செல்லலாகாது என்றும் இரவு எட்டு மணியோடு நிறுத்தவேண்டும் என்றும் 2017இல் விதித்தது. முன்பு பதினான்கு வயது, ஏழு மணி என்றிருந்ததைத் தளர்த்தியே அவ்வாறு விதித்தனர். அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலம் வளர்ந்தோர் பொது இடத்தில் முகமூடி அணிவதைத் தண்டிக்கிறது. ஆயினும் மரபான விழா வேடத்துக்கு அச்சட்டத்திலேயே விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. இந்த விலக்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவைப் பார்த்துவந்தோர் நம்மிடையே உளர். பல்லாயிரம் பக்தர் விரதமிருந்து, காப்புக் கட்டி, காளியாகவும் அனுமனாகவும் குறவன் குறத்தியாகவும் பிச்சைக்காரராகவும் வேடமிட்டுக் காணிக்கை சேர்த்து, பத்தாம் நாள் இரவு கடற்கரையில் நடக்கும் சூரசம்ஹாரத்துக்கு வந்து சேருவர். அங்கே நிருவாகம் சில கட்டுப்பாடுகளை விதித்தது. இரும்பாலான ஆயுதம் கூடாது. சாதியைக் காட்டும் கொடியும் நாடாவும் கூடாது. ஆபாச ஆட்டம் கூடாது என்று மதுரைக் கிளை நீதிமன்றமும் கூறியது. இவற்றை நாம் எதிர்ப்போமா? எதிர்க்கமாட்டோம். காளியின் கையில் அட்டைச் சூலம் இருந்தாலும் காளி காளியே. சாதி நாடாவை அறுத்தெறிந்தது சட்டமாயினும் நன்றே செய்தது. நம் கூத்துக்களிலேயும் இன்னார் ராசா வேடம் கட்டலாம், இன்னார் கூடாது என்று சாதி பார்த்த காலம் இருந்தது. அதைத் தடுக்க ஒரு பொலிஸ்காரரும் வரவில்லை என்பது வேறு கதை.

ஆகவே கட்டுப்பாடே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. எத்தகைய கட்டுப்பாடு, எவர் விதிப்பது, எந்த மொழியில், எப்போது அறிவிப்பது என்பதே கேள்வி.

நாம் செய்யக்கூடியது

2025 மே மாதத்தில் நடந்த தேர்தலில் கரைத்துறைப்பற்று, புதுக்குடியிருப்பு, கரைச்சி முதலிய பிரதேச சபைகளுக்கு நாம் உறுப்பினர்களைத் தேர்ந்தனுப்பினோம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உபவிதி இயற்றும் அதிகாரத்தை அச்சபைகளுக்குத் தந்திருக்கிறது. உபவிதியால் பொலிஸ் கட்டளைச் சட்டத்தை வெல்ல முடியாது. அப்படிச் சொல்லி உங்களை ஏமாற்றமாட்டோம். ஆனால் சபைக்குரிய மைதானத்தில், நுழைவுச் சீட்டு விற்காமல், ஒலிபெருக்கி இல்லாமல் நடக்கும் கோயிற் கூத்துக்கும் காமன் கூத்துக்கும் கட்டணமில்லை, இன்ன மாதங்களில் அவ்விடம் அதற்கே உரியது என்று சபை எழுதலாம். களியாட்ட வரி நுழைவுக் கட்டணத்தின்மேல் விதிக்கப்படுவது. கட்டணமில்லாத களரியில் அதற்கு இடமில்லை என்பதையும் கூடவே தெளிவுபடுத்தலாம். ஊரின் ஆண்டுக் கூத்துநாட்காட்டியொன்றைத் தைமாதத்திலேயே பொலிஸ் நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அனுப்பிவிட்டால், ஆறு மணி நேர அறிவித்தல் ஆறு மாத அறிவித்தலாகிவிடும். அதன்பின் பதினொரு மணிக்கு வந்து அனுமதி எங்கே என்று கேட்பவருக்குக் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும்.

அத்தாள் தமிழிலேயே இருக்கவேண்டும். 1956இல் சிங்களம் மட்டும் என்றனர். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது. வடக்கு கிழக்கின் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே கூறுகிறது. தமிழில் எழுதிய அறிவித்தலை ஏற்கமாட்டோம் என்பவர் அரசியலமைப்பை ஏற்கமாட்டோம் என்கிறார். அவரிடம் சண்டையிடவேண்டாம், ஏற்க மறுத்ததை எழுத்திலே தரும்படி கேளுங்கள். தரமாட்டார். கூத்தை நடத்துங்கள்.

பொது அரங்காற்றுகைச் சட்டத்தின் தணிக்கையிலிருந்து மரபுக் கூத்துக்கு விலக்கு வேண்டும் என்பது பாராளுமன்றத்தில் எழுப்பவேண்டிய கோரிக்கை. வேர்ஜினியாக்காரன் தன் பிள்ளைகளின் விழா வேடத்துக்கு எழுதிக்கொண்ட விலக்கை, நூற்றாண்டுகளாக ஆடிவரும் கோவலனுக்கு எழுதிக்கொள்ள நமக்கு என்ன தடை? தென்னிலங்கைக் கலைஞரும் இத்தணிக்கையால் நொந்தவரே. அவர்களும் இக்கோரிக்கையில் நம்மோடு கைசேர்க்க முடியும்.

இவற்றை எழுதுவதற்கு ஆட்கள் வேண்டும். இங்கே வந்திருக்கும் சட்டத்தரணிகள் இருவர் உபவிதியின் வரைவை எழுதித் தருவதாகச் சற்றுமுன் ஒப்புக்கொண்டனர். ஆசிரியர்கள் தத்தம் கிராமத்து அண்ணாவிமாரிடம் சென்று, எந்தக் கூத்து, எந்தக் கோயில், எந்த மாதம், எத்தனை இரவு என்று கேட்டெழுதி வரவேண்டும். கமக்காரர் அறுவடை முடியும் நாளைச் சொல்லவேண்டும்; அதைப் பொறுத்தே மற்றெல்லாம். ஏடு இழந்த அண்ணாவிமார் நெஞ்சிலிருப்பதைச் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு இளைஞர் நால்வர் பெயர் தந்திருக்கின்றனர். இன்னும் நால்வர் போதாது. கூட்டம் கலையுமுன் வாயிலிலுள்ள மேசையில் பெயரைப் பதியுங்கள். காத்தவராயன் நின்றுபோன அவ்வூரிலிருந்தும் மூவர் வந்திருக்கிறார்கள். ஆரியமாலை வேடமிட்ட அந்த இளைஞரும் அவர்களுள் ஒருவர். உடுப்பு இன்னும் பெட்டியில் இருக்கிறதாம். முடி மட்டும் கறையான் அரித்துவிட்டது என்றார்.